கேழ்வரகுக் கை

விளக்கு வைக்கிற நேரம் வந்தால் போதும், மரகதத்தின் பிள்ளை கைகளை இறுக்கி மூடிக்கொண்டு, கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, முகம் மிளகாய்ப் பழமாகச் சிவக்க அழ ஆரம்பித்துவிடும். ஆரம்பித்தால், திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குப் பின்னால் அவர்கள் குடியிருந்த லைன் வீட்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் எல்லாரும் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள், கூட்டிக்கூட்டிப் பார்த்துவிட்டு அணைத்தே விடுவார்கள், அணைத்துவிட்டு வாசலில் வந்து நின்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். வசம்பு சுட்டு உரசி நாக்கில் தடவியாயிற்று, ஓமத் தண்ணீர் கொடுத்தாயிற்று, வெற்றிலையில் விளக்கெண்ணெய் தடவி வாட்டித் தொப்புளின்மேல் போட்டாயிற்று, மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டு அது நெடியே இல்லாமல் வெடித்ததையும் பார்த்தாயிற்று. "குடலு பழகுற வரைக்கும் அப்படித்தாம்மா இருக்கும், தானா நின்னுரும்" என்றார் டாக்டர். எப்போது நிற்கும் என்று அவர் சொல்லவில்லை.

ஒன்றே ஒன்றுக்குத்தான் அந்த அழுகை அடங்கியது. மரகதம் தன் வலது உள்ளங்கையை விரித்துப் பிள்ளையின் வயிற்றில் பதிய வைத்தால், கொதிக்கிற பாலில் தண்ணீர் தெளித்த மாதிரி அடங்கும். எடுத்தால் மறுபடி பொங்கும். இடது கை ஆகாது. அப்பன் சிகாமணியின் கை ஆகாது. பக்கத்து வீட்டுத் தமயந்தி, கல்யாணமாகி வந்த புதுப்பெண், ஆசையாகக் கை வைத்துப் பார்த்தாள். பிள்ளை மூச்சடைத்துப் போய் நீலம் பாரித்தது. மரகதமும் சிகாமணியும் போடிப் பக்கத்திலிருந்து இரண்டு வீட்டுக்கும் தெரியாமல் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தவர்கள் என்பதால் பிள்ளைப்பேற்றுக்கென்று ஆளும் வரவில்லை. மரகதம் ஒற்றைக் கையால் சோறு வடித்தாள், ஒற்றைக் கையால் தலை சீவினாள், பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தபடியே உறங்கினாள்.

சிகாமணி கட்டிங் மாஸ்டர். உலகத்தில் உள்ள எந்த உடம்பையும் ஒரு பிரவுன் தாளில் வரைந்து துணியில் வெட்டிவிடலாம் என்று நம்புகிறவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாளை விரித்து, "கைய வையி" என்றான்.

"என்னத்துக்கு?"

"ஒங் கைக்கு ஒரு பேட்டர்ன் எடுத்துருவோம். நீ கொஞ்சம் கால நீட்டிப் படு, பாவம்."

விரல்களுக்கு நடுவே பென்சில் போய்வந்தது. பிள்ளைச் சட்டைக்கு வாங்கும் மெத்தென்ற துணியில் இரண்டு பக்கமும் வெட்டி, ஓவர்லாக் அடித்து, உள்ளே கேழ்வரகு நிரப்பி, மரகதத்தின் கை என்ன கனமோ அதே கனம் வரும்வரை ஒரு பிடி போட்டும் ஒரு பிடி எடுத்தும் பார்த்து, மணிக்கட்டில் தைத்து முடித்தான். வெறுஞ்சட்டியில் வைத்துச் சூடு காட்டிப் பிள்ளை வயிற்றில் வைத்தார்கள். பிள்ளை அதைத் தட்டிவிட்டு அழுதது. மரகதம் அந்தத் துணிக் கையை எடுத்துத் தன் ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, பால் கொடுக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் எடுக்காமல், மறுநாள் விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் வைத்திருந்து, பிறகு வெளியே எடுத்து வைத்தாள். பிள்ளை ஒரு தடவை விக்கியது. கண்ணை மூடிக்கொண்டது.

மரகதம் குடத்தைத் தூக்கிக்கொண்டு பொதுக் குழாயடிக்குப் போனாள். வரிசையில் நின்று குடத்தை வைத்துக் கைப்பிடியை அழுத்தும்போது, அவளுடைய வலது உள்ளங்கையில், குழாயின் இரும்புக்கும் தோலுக்கும் நடுவில், பிள்ளையின் வயிறு ஏறி இறங்கியது. இளஞ்சூடு, தொப்புளின் முடிச்சு, உள்ளே ஒரு காற்றுக்குமிழி இடமிருந்து வலமாக உருண்டு போனது, எல்லாம் தெரிந்தது. வீட்டுக்கு வந்து சிகாமணியிடம் சொன்னாள்.

"நல்லதாப் போச்சு" என்றான் அவன். "அப்ப தண்ணிய மெதுவாவே புடிச்சிட்டு வா."

அழுகை நின்ற வீட்டை லைன் வீடு கவனிக்காமல் இருக்குமா? மூன்றாம் வீட்டுக்காரி தன் பேறுகாலத்துக்குப் பிறகு வந்து ஒரு கை கேட்டாள், அவளுடைய தங்கை ஒன்று கேட்டாள், தங்கையின் கம்பெனியில் பவர் டேபிளில் உட்கார்ந்து தைக்கிறவர்கள் கேட்டார்கள், கேட்டவர்கள் எல்லாரும் அடுத்தவர்களிடம் சொன்னார்கள். சிகாமணி அதே பேட்டர்னில் வெட்டினான், மரகதம் ஒவ்வொன்றையும் ஒருநாள் ரவிக்கைக்குள் வைத்திருந்து கொடுத்தாள். எந்தப் பிள்ளையின்மேல் வைத்தாலும் அந்த வயிறு அவள் கைக்கு வந்து சேர்ந்தது. ஒரே பானையில் பல பருக்கை கொதிக்கிற மாதிரி எல்லாம் சேர்ந்துதான் இருந்தன, ஆனால் எது யாருடையது என்பது அவளுக்குக் குழம்பியதே இல்லை.

இதில் ஆச்சரியப்பட அங்கே யாருக்கும் நேரமில்லை, ஷிப்ட் இருந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துவிட்டு வேலைக்குப் போன பெண்கள் டீ டைமில் போன் போட்டார்கள். "அக்கா, எம் பையன் எந்திரிச்சிட்டானா?" "பாதி முழிப்பு. பசி வரல இன்னும்." "அக்கா, இவளுக்குக் காய்ச்ச விட்டுருச்சா?" "விட்டுருச்சு, வேர்த்திருக்கு. துடைக்கச் சொல்லு." மரகதம் வலது கையால் பச்சை மிளகாய் அரிந்த அன்று நாலு தெருவில் பிள்ளைகள் ஒரே நேரத்தில் வீறிட்டன என்பதால், அதற்குப் பிறகு அவள் வீட்டு மிளகாயை லைன் வீட்டுப் பெண்கள் முறை வைத்து அரிந்து கொடுத்தார்கள். அவள் ஐஸ் தொடக்கூடாது என்றார்கள். பகலில் அவள் கண்ணயர்ந்தால் பிள்ளைகளும் அயர்கின்றன என்று யாரோ சொல்ல, மத்தியானம் அந்த வாசல் பக்கம் வண்டியை ஓட்டாமல் தள்ளிக்கொண்டு போனார்கள். சிகாமணி கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே ஒரு மிஷின் போட்டான். வெளியூர்க்காரர்களுக்குக் கூரியரில் அனுப்பினான்.

பிள்ளைகள் வளர்ந்தன. குப்புற விழுந்து, தவழ்ந்து, நிற்கப் பழகியதும் துணிக் கையைத் தூக்கி எறிந்தன; எறிந்த அன்று அந்த வயிறு மரகதத்தின் கையிலிருந்து விடைபெற்றுப் போகும். அவளுடைய மகள் அவந்தியும் அப்படித்தான் எறிந்துவிட்டு நடக்க ஆரம்பித்தாள். போனவற்றுக்குப் பதில் புதியவை வந்தன. ஒன்று மட்டும் போகவில்லை.

அது எப்போது வந்தது என்று அவளுக்கு நினைவில்லை. சத்தமில்லாமல் வந்திருந்தது. மற்ற வயிறுகள் பசித்தன, உப்பின, கடமுடா என்றன. இது குளிர்ந்த மண்பானை போலச் சும்மா இருந்தது, மெதுவாக ஏறி மெதுவாக இறங்கியது. ஓய்ந்து உட்காரும்போது மரகதத்தின் மனம் தானாக அதனிடம் போகும். உள்ளங்கையை மூக்கில் வைத்தால் காய்ந்த தேங்காய் வாசம் வரும். வெயில் காலம் போய் மழை வந்து, மழை போய் மறுபடி வெயில் வந்தது. அது வளரவே இல்லை.

"காங்கேயத்துக்கு ஒண்ணு அனுப்புனோமே, தேங்காய்க் களத்து வீடு" என்றான் சிகாமணி.

அவந்தியைத் தமயந்தியிடம் விட்டுவிட்டு இருவரும் பஸ் ஏறிப் போனார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் உடைத்த தேங்காய் வெயிலில் வாயைத் திறந்து கிடந்த களம், அதன் ஓரத்தில் ஓட்டு வீடு. வீட்டுக்காரி கோகிலவாணி, இருபத்தைந்து வயதிருக்கும், மெலிந்துபோனவள், சேலை நுனியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மரகதத்தின் முகத்தைப் பார்க்காமல் அவள் வலது கையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே கூட்டிப்போனாள். விட்டத்தில் சேலைத் தொட்டில் தொங்கியது. விலக்கிப் பார்த்தால் உள்ளே துணிக் கை மட்டும் விரல் விரித்துப் படுத்திருந்தது.

"கூரியர்ல வர்றதுக்கு முந்தியே பையன் போயிட்டானுங்க" என்றாள் கோகிலவாணி. "வந்ததத் திருப்பி அனுப்ப மனசு வரலீங்க. சும்மா போட்டு வெச்சேன்."

சிகாமணி வெளியே போய்விட்டான். மரகதத்தின் உள்ளங்கையில் அது ஏறியது, இறங்கியது.

"உங்க கைக்கு எல்லாந் தெரியும்னு சொன்னாங்க." குரல் தணிந்தது. "அவனத் தெரியுதுங்களா?"

பொய் சொல்லலாமா என்று மரகதம் யோசித்தாள். எது பொய் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"தெரியுதும்மா."

"அழுவறானுங்களா?"

"இல்ல."

"பசியில இருக்கறானுங்களா?"

"இல்லம்மா. சும்மா படுத்திருக்கான்."

கோகிலவாணி தொட்டிலை ஒரு ஆட்டு ஆட்டினாள். பிறகு அவர்களை உட்கார வைத்துச் சோறு போட்டுத் தானும் தட்டில் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். களத்திலிருந்து வந்த அவள் புருசன் நாட்ராயன், அவள் சாப்பிடுவதைக் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, உள்ளே வராமல் திரும்பிப் போனான்.

இதைக் கோகிலவாணி யாரிடம் சொன்னாளோ, அவர்கள் யாரிடம் சொன்னார்களோ, அடுத்த மாதத்திலிருந்து வேறு மாதிரிப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கி வழி கேட்காமலே நின்றால்கூட ஆட்டோக்காரர்கள் அவர்களைக் கண்டுகொண்டு, "கைக்காரம்மா வீடுதானுங்களே?" என்று ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, தெருவில் எதையோ மறந்துவிட்டு வந்த மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். லைன் வீட்டுப் பெண்கள் அவர்களுக்கு மோர் கொடுத்தார்கள், விசிறி கொடுத்தார்கள், கதை கேட்டார்கள், சேர்ந்து அழுதார்கள். சிகாமணி முதலில் முடியாது என்றான். ஒருத்தி அவன் மிஷினுக்குப் பக்கத்திலேயே சாயங்காலம் வரை பேசாமல் நின்றிருந்ததைப் பார்த்தபின் துணியை எடுத்து வெட்டினான். போகப்போக அது வழக்கமாகிவிட்டது. யார் வந்தாலும் அவன் தலையைத் தூக்காமல், சட்டைக்கு அளவு கேட்கிற குரலில் கேட்டான்:

"உள்ளதுக்கா, போனதுக்கா?"

உள்ளவை வளர்ந்தன, போயின. போனவை வந்தன, போகவில்லை. மரகதத்தின் உள்ளங்கை கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்து, கனத்து, கிணற்றடியில் கிடக்கும் கல் மாதிரி ஆனது. சப்பாத்தி உருட்ட முடியவில்லை. இடது கையால் சாப்பிடப் பழகினாள். அவந்தி ஓடிவந்து மடியில் ஏறுவாள். மரகதம் மறந்துபோய் வலது கையால் அணைத்தால் உடம்பைச் சுருக்கிக்கொண்டு, "தண்ணி, தண்ணி" என்று சட்டையை உதறுவாள். ஒருநாள் பிள்ளைக்குக் காய்ச்சல். மரகதம் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. ஊரிலிருக்கிற பிள்ளைகளின் காய்ச்சலையெல்லாம் சொன்னவள், தன் பிள்ளைக்கு எவ்வளவு சுடுகிறது என்று பக்கத்து வீட்டைக் கேட்கப் போனாள்.

தமயந்தி தொட்டுப் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு நகராமல் நின்றாள். அவளுக்கு ஏழாம் மாதம்.

"அக்கா, வர்ற வெள்ளிக்கெழமை வளைகாப்பு வச்சிருக்காங்க."

"தெரியுமே. புளிசாதம் நாங் கிண்டித் தரேன்."

"இல்லக்கா." தமயந்தி தரையைப் பார்த்தாள். "சாப்பாட்ட நானே வீட்டுக்குக் கொண்டாந்து தரேன். மாமியார் சொல்றாங்க... ஒன்னும் நெனச்சுக்காதக்கா."

மரகதம் சிரித்தாள். வெள்ளிக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் வளையல்கள் கிலுகிலுப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் இருந்தவை எல்லாம் அந்தச் சத்தத்துக்கு ஒரு கணம் மூச்சை நிறுத்திக் கவனித்தன. அன்றுதான் அவளுக்குப் பயம் வந்தது.

"பேட்டர்னக் கிழிச்சுப் போட்டுருவோம்" என்றான் சிகாமணி.

"இனிமே வர்றது நின்னுரும். வந்தது?"

அவன் மிஷினை மூடி வைத்தான்.

மறுபடியும் காங்கேயம் போனார்கள். கோகிலவாணி மெலிவெல்லாம் போய் நன்றாக இருந்தாள். தொட்டிலில் புதுச்சேலை கட்டியிருந்தாள். மரகதம் தன் கையை அவள் கன்னத்தில் வைத்தாள். கோகிலவாணி வெடுக்கென்று பின்வாங்கினாள்.

"இப்படித்தாம்மா எந்நேரமும் இருக்கு. எம் பிள்ள எங்கிட்ட வரமாட்டேங்குது. அந்தத் துணிக் கைய மட்டும் தொட்டில்லருந்து எடுத்துரு தாயி, ஒங் கால்ல வேணாலும் விழுறேன்."

"எடுத்துட்டா அவனுக்கு யாருங்க இருக்கறாங்க?" என்று கேட்டாள் கோகிலவாணி. "பொதைச்சப்ப என்னயக் கூட்டிட்டுப் போகலீங்க. கெணத்து மேட்டுல எந்த எடம்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது. அவரும் சொல்ல மாட்டாரு. கேட்டா, எந்திரிச்சுக் களத்துக்குப் போயிருவாரு. அந்தப் பையனுக்குன்னு இந்த ஒலகத்துல இருக்கறது உங்க கை ஒண்ணுதானுங்க."

வாசலில் நாட்ராயன் படிமேல் உட்கார்ந்து குறுக்கே காலை நீட்டிப் பீடி பிடித்துக்கொண்டிருந்தான். சிகாமணி அவனுக்குச் சற்றுத் தள்ளி நின்றான். பேச வேறு எதுவும் கிடைக்காததால்தான் மரகதம் அதைக் கேட்டாள்.

"பேரு என்னம்மா வச்சீங்க?"

"வெக்கறதுக்குள்ளதான் போயிட்டானுங்களே."

"மனசுக்குள்ள?"

கோகிலவாணி தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வயிற்றில் இருந்தபோது நினைத்துவைத்த பெயரை அவள் புருசனிடம்கூடச் சொன்னதில்லை. செத்துப் போனதற்குப் பெயர் எதற்கு என்று யாரும் கேட்டதும் இல்லை. குனிந்து, சேலையை விலக்கி, தொட்டிலுக்குள் முகத்தை வைத்து,

"சேயோன்" என்றாள். "டேய் சேயோனு. சாமி."

மரகதத்தின் கைக்குள் அந்த வயிறு ஒருமுறை உள்ளே இழுத்தது. கேழ்வரகு கரகரத்தது. பிறகு கால்கள் உதைப்பது தெரிந்தது, இடுப்பு நெளிவது தெரிந்தது, எதிலோ முட்டுக்கொடுத்து, முக்கி, தவறி, மறுபடியும் முக்கி, உள்ளங்கைக்குக் கீழே வயிறு போய் முதுகு வந்தது. மணி மணியாக முதுகெலும்பு. வெதுவெதுப்பாக இருந்தது.

"குப்புற விழுந்துட்டான்" என்றாள் மரகதம்.

கோகிலவாணி நிமிர்ந்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, பிள்ளை குப்புற விழுந்தால் ஒரு தாய் செய்ய வேண்டியது எதுவோ அதைச் செய்ய, விறுவிறுவென்று அடுப்படிக்குப் போய் அரிசி மாவைக் கொட்டிக் கொதிதண்ணீர் விட்டுக் கொழுக்கட்டைக்குப் பிசைய ஆரம்பித்தாள். பிசைந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்:

"இப்ப என்ன பண்றானுங்க?"

"தலையத் தூக்கிப் பாக்கறான்."

"இப்ப?"

"மொழங்காலு ஊனுறான்."

"இப்பங்க?"

மரகதம் சொல்லத் தயங்கினாள். முதுகு நழுவிக்கொண்டிருந்தது; பிட்டம், பின்னந்தொடை, குதிகால். கடைசியில் ஒரு பெருவிரல் அவள் உள்ளங்கையைச் சுரண்டிவிட்டுப் போயிற்று.

"தவந்து போறான்மா. வாசப் பக்கம்."

கோகிலவாணியின் கை மாவுக்குள் நின்றுவிட்டது. இருவரும் வாசலைப் பார்த்தார்கள். அங்கே நாட்ராயன், பேச்சு எதுவும் காதில் விழாத தூரத்தில், களத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவன், பீடியைச் சட்டென்று தூர எறிந்துவிட்டு, படியின் குறுக்கே நீட்டியிருந்த காலை மடக்கி வழிவிட்டான். வழிவிட்டவன் அப்படியே இருந்தான். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு, ஊளையிடுகிற மாதிரி அழுதான். கோகிலவாணி மாவுக் கையோடு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்க வெச்சீங்கன்னு காட்டுங்க" என்றாள். "வாங்க, எந்திரிங்க."

சாயங்காலம் அந்தக் களத்தில் வேலை செய்தவர்கள் எல்லாருக்கும் தேங்காய்ப் பூரணம் வைத்த கொழுக்கட்டை கிடைத்தது. "பையன் குப்புற விழுந்தானுங்க" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள் கோகிலவாணி. எந்தப் பையன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

விஷயம் போன வழியிலேயே திரும்பவும் போயிற்று. துணிக் கையை மடியில் வைத்துக்கொண்டு தாய்மார்கள் லைன் வீட்டுக்கு வந்தார்கள். சிலர் சத்தமாகப் பெயர் சொன்னார்கள், சிலர் மரகதத்தின் உள்ளங்கையிலேயே வாயை வைத்துச் சொன்னார்கள், ஒருத்தி பெயர் வைத்துப் பார்க்கவே பயந்துபோய் இருந்ததாகச் சொல்லி, அங்கேயே யோசித்து ஒன்று வைத்தாள். பெரும்பாலும் பெயர்கள் அழகாக இருந்தன. அந்தப் பிள்ளைகள் தவழ்ந்து போகும்போது வாசலில் யாராவது தற்செயலாக நகர்ந்து நிற்பார்கள். தெருநாய் எழுந்து இடம் மாறிப் படுக்கும். சிகாமணி மிஷினில் பிள்ளைச் சட்டை தைக்க ஆரம்பித்தான். மரகதம் மறுபடி வலது கையால் சாப்பிட்டாள். தமயந்தி தன் மகனைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டாள். மரகதம் வாங்கிக்கொண்டாள், ஆனால் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி இருவரும் பேசவில்லை.

ஒரே ஒருத்தி மட்டும் வரவில்லை. தாராபுரத்துக்காரி. விஷயம் தெரிந்துதான் வரவில்லை. மரகதத்தின் உள்ளங்கையில் நடுவாக, ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குக் குளிர்ச்சி அப்படியே நின்றது. அவந்தி அந்தக் கையைப் பிடிக்கும்போது விரலை மட்டும் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகிவிட்டாள்.

"போயிக் கேட்டுப் பாக்கலாமா?" என்றான் சிகாமணி.

"வேணாங்க" என்றாள் மரகதம். "அவளுக்கு எப்பத் தோணுதோ அப்ப வரட்டும்."

சாயங்காலத்தில் தாராபுரத்திலிருந்து போன் வரும். எடுத்தால் முதலில் பஸ் இரைச்சல், பிறகு மூச்சு, பிறகு அந்தப் பெண்ணின் குரல்.

"இருக்காளாக்கா?"

மரகதம் கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு பார்ப்பாள். ஏறும், இறங்கும்.

"இருக்காம்மா. தூங்குறா."

"சரிக்கா. எழுப்பிறாதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் மெதுவாகப் போனை வைப்பாள்.